அயலாருக்கு ஒரு ஜெர்மன் விருந்து

சமையலைப் பற்றி எழுத எனக்குப் பெரிய தகுதி எதுவும் இல்லை. கிதாபுகளைப் புரட்டிப் பழகிய கை இது. அரபுக் கல்லூரி விடுதியில் ஓதிய காலத்தில் முறை வைத்து அடுப்புக்கு விறகு தள்ளியதும், நூறு பேருக்கு வெங்காயம் உரித்ததும்தான் என் அனுபவம். அப்படிப்பட்ட நான் 2024 ஆகஸ்ட் மாதத்தில் யாழ்ப்பாணத்தில் என் வீட்டு அடுப்படியில் நின்று ஒரு ஜெர்மன் விருந்து சமைத்தேன். ஏன் சமைத்தேன், அது என்ன ஆனது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு சோனகத் தெருப் பக்கத்தில், முஸ்லிம் வீடுகளும் தமிழர் வீடுகளும் மதிலுக்கு மதில் ஒட்டியிருக்கும் ஓரத்தில் இருக்கிறது. அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். வயது 78. ஊரில் எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான். சின்ன வயதில் எனக்கு ஆங்கில எழுத்துச் சொல்லித் தந்தவரும் அவரே. மாலையில் கொப்பியோடு போனால், பாடம் முடிந்ததும் ஒரு துண்டு பனங்கட்டி கையில் வைப்பார்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி வந்தது. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். அப்போது எனக்கு 11 வயது. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, உடுத்த உடுப்போடு நடந்தேன். வடக்கிலிருந்து அப்படி வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கும் அதிகம். புத்தளத்து ஓலைக் குடிசையில் வளர்ந்து, ஓதி, கல்யாணம் முடித்து, யுத்தம் 2009 இல் முடிந்த பிறகு 2011 இல் குடும்பத்தோடு திரும்பி வந்தேன். வீட்டில் சுவர் மட்டும் இருந்தது. கூரையும் இல்லை, கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை.

வந்த முதல் வாரத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்டு ரீச்சர் வீட்டுப் பின்பக்கம் போனேன். அவருடைய குசினிக்குப் போட்டிருந்த கதவு எங்கள் வீட்டுக் கதவு. மேல் சட்டத்தில் என் அப்பா, அதாவது வாப்பாவின் வாப்பா, செதுக்குவித்த 1958 என்ற இலக்கம் இருந்தது. கீழ் மூலையில் எலி அரித்த இடத்தில் வாப்பா அடித்த தகரத் துண்டும் அப்படியே இருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பிறகு 13 வருடங்கள். பாதையில் கண்டால் “சுகமா ரீச்சர்?” என்பேன். “ஓம் தம்பி” என்பார். பெருநாளைக்கு அவர் வீட்டுக்கு எங்களிடமிருந்து வட்டிலப்பம் போகவில்லை. பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு அவரிடமிருந்து பொங்கல் வரவில்லை. குழம்பு வைத்தால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி அயலாரையும் கவனிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை வகுப்பில் எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். நடத்தும்போதெல்லாம் அந்தத் தகரத் துண்டு கண்ணுக்குள் வரும்.

2024 ஆகஸ்டில் ரீச்சரின் பேத்தி ஜெர்மனியிலிருந்து வந்தாள். பன்னிரண்டு வயது. ரீச்சரின் மகன் 1984 இல், 83 கலவரத்துக்கு அடுத்த வருடம், கிழக்கு பெர்லினில் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் போன பிள்ளைகளில் ஒருவர். பிந்தித்தான் கல்யாணம் முடித்தார். இப்போது அவர்கள் இருப்பது ஹம் நகரத்துக்குப் பக்கத்தில். 2002 இல் கும்பாபிஷேகம் நடந்த பெரிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கும் ஊர் என்று நம்மூர்ச் சனத்துக்கும் அது தெரியும்.

பிள்ளை என் இளைய மகளோடு ஒட்டிக்கொண்டாள். ஆனால் சாப்பாடுதான் சரிவரவில்லை. காரம் தாங்காது. பாணும் வாழைப்பழமும்தான் சாப்பாடு. ஒரு நாள் மதிலடியில் ரீச்சர் என் மனைவியிடம், “பிள்ளை மெலிஞ்சு போகுது. என்ன குடுக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்ல” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாராம். 13 வருடத்தில் அவர்கள் இருவரும் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

என் மகள் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. ஜெர்மனியில் அவர்கள் வீட்டுக்குக் கீழ்மாடியில் ஒரு ஜெர்மன் மூதாட்டி இருந்தார். தாயும் தகப்பனும் வேலைக்குப் போக, பிள்ளையை வைத்திருந்தவர் அவர். “ஓமா” என்றுதான் கூப்பிடுவாளாம். அந்த மொழியில் பாட்டி என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓமா சமைப்பார். ரூலாடன் என்று ஒன்று. மெல்லிய இறைச்சித் துண்டில் கடுகுப் பசை பூசி, வெங்காயமும் ஊறுகாய் வெள்ளரிப் பிஞ்சும் வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, குழம்பில் வேக வைப்பது. அதோடு சிவப்புக் கோவாவும் உருளைக்கிழங்கு உருண்டையும். அவர்கள் வழக்கத்தில் அந்த இறைச்சி மாடு, உள்ளே வைப்பது பன்றிக் கொழுப்பு. ஆனால் மேல்மாடிப் பிள்ளையின் வீட்டில் மாடு ஆகாது என்று அறிந்து, ஓமா வான்கோழி இறைச்சிக்கு மாறினார். பன்றிக்குப் பதிலாகக் கரட் துண்டு வைத்தார். தன் ஒரு பாத்திரத்தையும் அதற்கென்றே ஒதுக்கினார். அந்த ஓமா 2024 தை மாதத்தில் காலமாகிவிட்டார்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. யாரோ ஒரு ஜெர்மன் கிழவி, வேறு மதம், வேறு மொழி, ஓடி வந்தவர்களின் பிள்ளைக்காகத் தன் சட்டியை மாற்றியிருக்கிறார். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு ஒரு கதவை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

காலையில் மனைவியிடம், “நான் அந்தச் சாப்பாட்டைச் சமைக்கப் போகிறேன். ரீச்சரையும் கூப்பிடுவோம்” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “சமைக்கிறது நீங்க, சட்டி கழுவுறது ஆரு?” என்றார். அதுவும் நானே என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் அனுமதி கிடைத்தது.

பிள்ளை தாயிடம் தொலைபேசியில் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்து நான் பட்டியல் போட்டேன். பன்றி நமக்கு ஹராம், அடித்தேன். மாடு ரீச்சர் வீட்டில் ஆகாது, அடித்தேன். கோழி என்று எழுதினேன். அப்போது மனைவி, “நல்லூர்க் கொடி ஏறிட்டுது, மறந்திட்டீங்களா?” என்றார். நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்கள் பலவற்றில் மச்சம் சமைக்கமாட்டார்கள். முட்டையும் இல்லை. திருவிழா முடியுமுன் பிள்ளை திரும்பிவிடுவாள். ஆகவே கோழியையும் அடித்தேன், முட்டையையும் அடித்தேன். ஜெர்மன் விருந்தில் எஞ்சியது கோவாவும் உருளைக்கிழங்கும்தான்.

சுருட்டுவதற்கு என்ன செய்வது என்று யோசித்தபோது பிள்ளையே வழி சொன்னாள். ஜெர்மனியில் கோவா இலையில் அரைத்த இறைச்சியைச் சுருட்டி வேக வைக்கும் வழக்கமும் உண்டாம். அவளுடைய துருக்கிச் சிநேகிதி வீட்டில் அதே இலையில் சோறு வைத்துச் சுருட்டுவார்களாம். 1961 இல் ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் செய்து தொழிலாளர்களை வரவழைத்தது. அப்படிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இவளோடு ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். நாங்கள் இலைக்குள் வைக்க ஊறவைத்துப் பிழிந்த சோயா மீட்டும் வதக்கிய வெங்காயமும் என்று முடிவு செய்தோம்.

அடுத்தது வினாகிரி. இதில்தான் என் படிப்பு கொஞ்சம் உதவியது. வினாகிரியை நல்ல தொடுகறி என்று நபி (ஸல்) அவர்கள் பாராட்டியதாக முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. ஆனால் ஐரோப்பியச் சமையலில் திராட்சை மதுவிலிருந்து வந்த வினாகிரியையும் சேர்ப்பார்கள். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், மது தானாகவே புளித்து வினாகிரியாக மாறினால் அது சுத்தம். உள்ளே ஒரு பொருளைப் போட்டு மாற்றினால் சுத்தமாகாது. ஹனபி மத்ஹபில் இரண்டும் ஆகும். கடையில் இருந்த வெளிநாட்டுப் போத்தல் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரியாததால் அதை விட்டுவிட்டு, தென்னங்கள்ளைத் தானாகப் புளிக்கவிட்டு எடுக்கும் நம் நாட்டு வினாகிரியை வாங்கினேன். கடுகையும் அதே வினாகிரியில் ஊறவைத்து, கொஞ்சம் சீனியும் உப்பும் சேர்த்து வீட்டிலேயே அரைத்தோம்.

இதற்கிடையில் புளிக்கோவா ஒன்றும் போட்டிருந்தேன். ஜெர்மன்காரர் சவர்கிராவுட் என்பார்கள். முறை இலகுவானது. ஒரு கிலோ கோவாவை மெல்லியதாகச் சீவி, 20 கிராம் உப்புப் போட்டு, தண்ணீர் விடும் வரை கையால் பிசைந்து, போத்தலில் அமுக்கி, அந்தத் தண்ணீருக்குள்ளேயே அமிழ்ந்திருக்க வைக்க வேண்டும். என் மாணவர் ஒருவர், “ஹஸ்ரத், புளித்தால் போதை வராதா?” என்று கேட்டார். பழஞ்சோறும் தயிரும் புளிப்பது போலத்தான் இதுவும். கோவாவில் உள்ள நுண்ணுயிர் சர்க்கரையை லக்டிக் அமிலமாக மாற்றுகிறது. ஆங்கிலேய மாலுமி குக் 1768 இல் புறப்பட்ட கடற்பயணத்தில் இதைப் பீப்பாய் கணக்கில் ஏற்றிப் போனார். பழமும் கீரையும் இல்லாத நெடுங்கடலில் முரசு கரையும் ஸ்கேவி நோய் வராமல் காக்க அது உதவும் என்ற நம்பிக்கை. விட்டமின் சி பற்றி அன்று யாருக்கும் தெரியாது.

ஜெர்மனியின் குளிரில் நாலு கிழமை, ஆறு கிழமை எடுப்பது யாழ்ப்பாணத்து ஆகஸ்ட் வெயிலில் ஐந்தே நாளில் புளித்துவிட்டது. முதல் போத்தலின் மூடியை நான் இறுக்கிவிட்டதால் வாயு அடைத்து, திறந்தபோது கோவா என் தாடி வரை பாய்ந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. தரை துடைக்கும் துணியை எடுத்து நீட்டினார்.

சமைக்கும் நாள் வந்தது. அதிகாலையில் மனைவி அடுப்படி மேசையில் மூன்று புதிய மண்சட்டிகளை வைத்திருந்தார். புதிய அகப்பையும் இருந்தது. “நம்மட சட்டியில மாடு ஆக்கியிருக்கு. விரத காலத்தில ரீச்சர் எப்படி மனமொப்பிச் சாப்பிடுவாங்க?” என்றார். முதல் நாளே சந்தைக்குப் போய் வாங்கி, தண்ணீரில் ஊறவைத்துப் பழக்கியும் இருக்கிறார். அடுத்தவர் பாத்திரத்தில் பன்றி பட்டிருக்குமோ என்று ஆயிரம் கேள்வி கேட்கும் எனக்கு, நம் பாத்திரத்தைப் பற்றி அடுத்தவருக்கும் கேள்வி இருக்கும் என்பது தோன்றவில்லை.

சிவப்புக் கோவாவைச் சீவி, அப்பிள் துண்டும் கராம்பும் சீனியும் போட்டுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தேன். சிறிது நேரத்தில் அது நீலமாகிவிட்டது. சட்டி நிறைய மை கரைத்த மாதிரி! பிள்ளை சிரித்துவிட்டு, ஜெர்மனியின் வடக்கில் இதைச் சிவப்புக் கோவா என்றும், தெற்கில் நீலக் கோவா என்றும் சொல்வார்கள் என்றாள். புளிப்புச் சேர்ந்தால் சிவப்பு, சேராவிட்டால் நீலம். நம் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. அதில் நீலம் இன்னும் கூடிவிட்டது. மூன்று மேசைக்கரண்டி வினாகிரி ஊற்றிக் கிளறினேன். சுப்ஹானல்லாஹ்! கண் முன்னாலேயே நீலம் ஊதாவாகி, ஊதா சிவப்பாக மாறியது.

உருளைக்கிழங்கு உருண்டைதான் என் வாழ்நாள் சோதனை. 1756 இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் குடியானவர்களைக் கட்டாயப்படுத்தி நடவைத்த கிழங்கு, இன்று ஜெர்மன்காரருக்கு நமக்குச் சோறு போல. அவித்து மசித்து, முட்டையும் கிழங்கு மாவும் சாதிக்காய்த் தூளும் சேர்த்து உருட்டி, கொதி அடங்கிய சுடுதண்ணீரில் போட வேண்டும். முட்டை இல்லாமல் நான் உருட்டிப் போட்ட முதல் ஆறு உருண்டையும் கரைந்து கஞ்சியாகின. அப்போதுதான் மனைவி அகப்பையை என் கையிலிருந்து வாங்கினார். கிழங்கை அவித்து நன்றாக நீர் வற்றவிட்டு, சூட்டோடு இடியப்ப உரலில் போட்டுப் பிழிந்தார். கட்டியே இல்லை. ஒரு கிலோவுக்கு ஒரு கோப்பைக்கும் கூடச் சோள மா சேர்த்துப் பிசைந்து, நடுவில் பட்டரில் பொரித்த பாண் துண்டு வைத்து உருட்டினார். தண்ணீரையும் கொதிக்கவிடவில்லை. உருண்டைகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன. ஜெர்மனியிலும் கிழங்கு பிழிய இதே மாதிரி ஒரு கருவி உண்டு என்று பிள்ளை சொன்னாள்.

கோவா இலைச் சுருளை மட்டும் நானே செய்தேன். முழுக் கோவாவின் தண்டைக் குடைந்து எடுத்து, கொதிநீரில் அமிழ்த்தி இலைகளைக் கிழியாமல் உரித்து, கடுகுப் பசை பூசி, சோயாவை வைத்துச் சுருட்டி, தையல் நூலால் கட்டினேன். வெள்ளை நூல், சாயம் இறங்காது. தாச்சியில் சிவக்கப் புரட்டி, தக்காளியும் வெங்காயமும் போட்ட குழம்பில் முக்கால் மணித்தியாலம் வேகவிட்டேன்.

பகல் ஒரு மணிக்கு ரீச்சர் வந்தார். வாசலில் சற்று நின்றார். பிறகு உள்ளே வந்து, அடுப்படியில் இருந்த புதுச் சட்டிகளைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அவர் தலையைத் தடவினார். பெண்கள் எல்லோரும் உள்ளே பாய் விரித்து உட்கார்ந்தார்கள். நான் பரிமாறினேன்.

பிள்ளை முதலில் சிவப்புக் கோவாவை எடுத்தாள். மென்றாள். “இது ஓமாவின்ர மாதிரியே இருக்கு” என்றாள். பிறகு உருண்டையைத் தின்று, “இது பசை மாதிரி” என்றாள். எல்லோரும் சிரித்தோம். உணவில் ஒருபோதும் குறை சொல்லாத நபி (ஸல்) அவர்களின் வழி அவளுக்குத் தெரியாது. ஆனாலும் பசையில் மூன்று தின்றாள். ரீச்சர் கோவாச் சுருளைக் கடித்துவிட்டு, வாயிலிருந்து நீளமாக ஒரு நூலை இழுத்தார். ஒன்றில் நூலை எடுக்க மறந்துவிட்டேன். “மௌலவி, உடுப்பும் தைச்சுப் போட்டீரோ?” என்றார். சின்ன வயதில் என் ஆங்கிலக் கொப்பியைத் திருத்திய அதே குரல்.

சாப்பிட்டு முடிந்து பிள்ளைகள் முற்றத்துக்குப் போனதும் ரீச்சர் தானாகவே பேச்சை எடுத்தார்.

“தம்பி, குசினிக் கதவு உங்கட வீட்டுக் கதவு. நீர் அண்டைக்குப் பார்த்ததை நானும் பார்த்தனான்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நீங்கள் போய்ச் சரியா அஞ்சு வருஷம். 95 ஒக்டோபர் 30. நாங்களும் ஒரே இரவில வெளிக்கிட்டனாங்கள். மழைக்குள்ள நாவற்குழிப் பாலத்தால நடந்து தென்மராட்சிக்குப் போனம். அடுத்த வருஷம் திரும்பி வந்தால் எங்கட வீட்டிலயும் கதவில்லை. ஆரோ ஒருத்தன் வண்டிலில கதவுகள் கொண்டுவந்து வித்தான். 1958 எண்டதைக் கண்டன். உங்கட எண்டு தெரிஞ்சுதான் வாங்கினன். விட்டிருந்தா விறகாப் போயிருக்கும். நீர் வந்த நாளே சொல்லியிருக்க வேணும். வெக்கம் விடேல்ல. நாங்கள் அண்டைக்கு மதிலடியில நிண்டு நீங்கள் போறதைப் பார்த்துக்கொண்டுதான் நிண்டனாங்கள். ஒரு வார்த்தை சொல்லேல்ல. கதவைக் குடுத்தா அதையும் பேச வேண்டி வருமெண்டு பயம்.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர், “கதவைக் கழட்டிக் கொண்டு போம், தம்பி” என்றார்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று நீங்கள் கேட்கலாம். பெருந்தன்மையாக ஏதும் சொன்னதாக நினைக்க வேண்டாம். “மழைகாலம் முடியட்டும் ரீச்சர்” என்று மட்டும் சொன்னேன். மழைகாலம் முடிந்தது. கதவு இன்னும் அங்கேதான் இருக்கிறது. வாப்பா அந்த வாசலைத் திரும்பப் பாராமலே புத்தளத்தில் மௌத்தாகிப்போனார். அவருடைய தகரத் துண்டைக் கண்டால் இன்றும் என் தொண்டை அடைக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல்வது எளிது. அதை உள்ளத்தில் உண்மையாக்கித் தரும்படி ரப்பிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒன்று மாறியது. அன்று மாலை ரீச்சர், நாங்கள் கோவா கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமனே திருப்பவில்லை. அதில் பனங்கட்டித் துண்டுகள் இருந்தன. அடுத்து வந்த நோன்புப் பெருநாளைக்கு எங்கள் வீட்டிலிருந்து வட்டிலப்பம் போனது.

சகோதரிகளே, அன்றைய விருந்தில் நாங்கள் சேர்த்தவை கொஞ்சம், விட்டவைதான் அதிகம். எங்களுக்காகப் பன்றியும், அவர்களுக்காக மாடும் கோழியும் முட்டையும் போயின. ஜெர்மன்காரர் யாராவது பார்த்திருந்தால் இது எங்கள் சாப்பாடே இல்லை என்றிருப்பார். ஆனால் அந்த ஓமா பார்த்திருந்தால் அடையாளம் கண்டிருப்பார் என்று நினைக்கிறேன். அவரும் அப்படி விட்டு விட்டுச் சமைத்தவர்தானே.

அந்த மூன்று மண்சட்டிகளும் எங்கள் குசினியில் மேல் தட்டில் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. வேறெதுவும் அவற்றில் ஆக்குவதில்லை. என் மனைவி அவற்றை “ரீச்சர் சட்டி” என்கிறார். உங்கள் வீட்டுத் தட்டிலும் அயலாருக்கென்று அப்படி ஒரு சட்டி இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.